பதவி துப்புரவாளர், பணி இதய அறுவை ஆய்வு

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1930களில் அதன் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ஒரு கறுப்பின இளைஞர் வேலை பார்த்தார். ஆய்வுக்குக் கொண்டுவரப்படும் நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பார். ரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவார். அறுவை செய்வார், தைப்பார், அளவுகளைக் குறித்து வைப்பார். ஆனால், பல்கலைக்கழகத்தின் சம்பளப் பதிவேட்டில் அவருக்குத் தரப்பட்டிருந்த பதவி துப்புரவாளர்.

அந்த இளைஞர்தான் விவியன் தாமஸ். இன்று உலகம் முழுவதும் குழந்தைகள் இதய அறுவை சிகிச்சையில் பயன்படும் மாற்று வழி இணைப்பு ஒன்றை முதலில் நாய்களிடம் செய்து, பிழைக்க வைத்துக் காட்டியவர். கல்லூரிப் பட்டம் பெறாதவர். ஆனால், பெரிய பெரிய அறுவை மருத்துவர்களுக்குக் கைப்பழக்கம் கற்றுத் தந்தவர். அந்தச் சிகிச்சை கால் நூற்றாண்டுக்கும் மேலாக வேறு இருவர் பெயரிலேயே வழங்கி வந்தது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கதை நமக்கு அயலாரின் கதை அல்ல. 1873இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினத் தலைவர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபையில் அவர்கள் கொடுக்கும் மனுவின் படியைக் கேட்டார். அந்த உறவின் தொடர்ச்சியாகத்தான் விவியன் தாமஸை இங்கே நாம் நினைவுகூர்கிறோம்.

தச்சர் மகனின் மருத்துவக் கனவு

விவியன் தாமஸ் 1910 ஆகஸ்ட் 29 அன்று லூசியானா மாநிலத்தில் பிறந்தார். அடிமையாக இருந்தவரின் பேரன். தந்தை தச்சர். குடும்பம் நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளி விட்டதும் அப்பாவோடு பட்டறைக்குப் போவது மகனின் வழக்கம். அளந்து வெட்டுவதும், இழைத்துப் பொருத்துவதும், பொருத்திய இடம் தெரியாமல் முடிப்பதும் சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிட்டன. பின்னாளில் ரத்தக் குழாய்களைப் பொருத்தியதும் அதே கைகள்தான்.

1929இல் பள்ளிப் படிப்பை முடித்தார். மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை. தச்சு வேலை செய்து கல்லூரிக் கட்டணத்துக்காகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. வேலை போயிற்று. அடுத்த ஆண்டு, அவர் பணம் போட்டிருந்த வங்கியும் திவாலானது. ஏழெட்டு ஆண்டு உழைப்பும் மருத்துவக் கனவும் அதோடு கரைந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது சேமிப்பு என்று ஒன்று இருப்பதில்லை.

1930 பிப்ரவரியில், 19 வயதில், வாண்டர்பில்ட் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 12 டாலர். அவரை வேலைக்கு எடுத்தவர் ஆல்பிரெட் பிளேலாக் என்ற இளம் வெள்ளை அறுவை மருத்துவர். காசநோயில் விழுந்து எழுந்தவர் அவர். தமக்கு முடியாதபோதும் ஆய்வைத் தொடர்ந்து செய்யத் தெரிந்த ஒரு ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. சேர்ந்த சில நாட்களிலேயே தாமஸ் நாய்களுக்கு மயக்க மருந்து அளந்து கொடுக்கவும், தமனியில் ஊசி ஏற்றவும் பழகிவிட்டார். வேதியியலும் உடலியங்கியலும் ஆய்வுக்கூடத்திலேயே கற்றுக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தவறுக்காக பிளேலாக் கெட்ட வார்த்தைகளால் அவரைத் திட்டினார். தாமஸ் உடை மாற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். இப்படிப் பேச்சு வாங்கும்படி தம்மை யாரும் வளர்க்கவில்லை, சம்பளத்தைக் கொடுத்தால் போய்விடுகிறேன் என்று அமைதியாகச் சொன்னார். பிளேலாக் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு அந்த மாதிரிப் பேச்சு அவர் வாயில் வரவில்லை. வேலை கிடைக்காத பஞ்ச காலத்தில், தென் மாநிலம் ஒன்றில், ஒரு கறுப்பின இளைஞர் வெள்ளை முதலாளியிடம் இப்படிப் பேசுவது சாதாரணக் காரியமல்ல.

பதிவேட்டில் இருந்த பெயர்

சில ஆண்டுகள் கழித்துத்தான் தம் பதவி என்னவென்று தாமஸுக்கே தெரிய வந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இன்னொரு கறுப்பினத்தவரோடு பேசிக்கொண்டிருந்தபோது விஷயம் வெளிப்பட்டது. வெள்ளைத் தொழில்நுட்பர்கள் செய்யும் வேலையைத்தான் இருவரும் செய்தார்கள். ஆனால், பல்கலைக்கழகம் இருவரையும் துப்புரவாளர் பட்டியலில் வைத்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. கறுப்பினத்தவர் என்றால் அந்தக் கட்டத்தில்தான் எழுதுவது அங்கே வழக்கம். தாமஸ் கேட்டார். அடுத்து வந்த சம்பளம் கூடியது. பதவியின் பெயர் மாறியதா என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவருடைய அண்ணன் ஹெரால்டு ஆசிரியர். நாஷ்வில் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்ததை எதிர்த்து வழக்குப் போட்டு, 1942இல் வென்றார். அண்ணன் நீதிமன்றத்தில் கேட்டதைத் தம்பி ஆய்வுக்கூடத்தில் கேட்டார்.

அந்த ஆண்டுகளில் பிளேலாக்கும் தாமஸும் செய்த ஆய்வு அதிர்ச்சி நிலை பற்றியது. விபத்திலோ போரிலோ நசுங்கிய மனிதர்கள், பெரிய காயம் வெளியே தெரியாதபோதும் இறந்துபோவார்கள். நசுங்கிய தசையிலிருந்து ஏதோ நஞ்சு கிளம்புவதாக அன்றைய மருத்துவம் நம்பியது. ரத்தமும் நிணநீரும் குழாய்களை விட்டு வெளியேறித் தசைக்குள் தேங்கிவிடுவதே காரணம் என்று நாய்களிடம் நடந்த சோதனைகள் காட்டின. இழந்ததை உடனே ஏற்றினால் உயிர் பிழைக்கும். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான வீரர்கள் ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றப்பட்டுப் பிழைத்தார்கள். அதற்குப் பின்னால் இந்த ஆய்வும் இருந்தது.

1937இல் டெட்ராய்ட் நகர மருத்துவமனை ஒன்று பிளேலாக்குக்குப் பெரிய பதவி தர முன்வந்தது. ஆனால், கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதில்லை என்பது அதன் விதி. தாமஸ் இல்லாமல் தம் ஆய்வு நடக்காது என்று பிளேலாக்குக்குத் தெரியும். அவர் அங்கே போகவில்லை. 1941இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அழைத்தபோது, தாமஸையும் சேர்த்தே அழைத்துக்கொண்டு போனார்.

வெள்ளைக் கோட்டு

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அன்று கறுப்பினத்தவர் பார்த்த வேலை கூட்டுவது, துடைப்பது, சுமப்பது. நோயாளிகளுக்கான வார்டுகளும், கழிப்பறைகளும் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து பிளேலாக்கின் அறைக்குப் போக, தாமஸ் வெள்ளைக் கோட்டோடு வளாகத்தைக் கடந்தபோது எதிரே வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு வெளியே கிளம்பும்போதெல்லாம் கோட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடைக்கு மாறிக்கொண்டார். மனைவி கிளாராவோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருக்க ஒரு நல்ல வீடு கிடைப்பதும் பாடாக இருந்தது. இந்த இரண்டு அனுபவங்களுக்கும் நம் வாசகர்களுக்கு உரை தேவையில்லை.

1943இல் ஹெலன் டாசிக் என்ற குழந்தைகள் இதய மருத்துவர் பிளேலாக்கைப் பார்க்க வந்தார். பெண் என்பதால் பட்டப் படிப்பில் தடைகளைச் சந்தித்தவர். காது சரியாகக் கேட்காதவர். அவரிடம் வந்த பல குழந்தைகளின் உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலோர் சின்ன வயதிலேயே இறந்தார்கள்.

காரணம் பிறவிக் குறை. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி சுருங்கியிருக்கும். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கும். ஆகவே, பிராணவாயு ஏறாத ரத்தமே உடம்பெல்லாம் சுற்றும். கருவில் இருக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் உடலுக்குப் போகும் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் உண்டு. பிறந்ததும் அது மூடிக்கொள்ளும். அந்தக் குழாய் மூடாத நீலக் குழந்தைகள் மற்றவர்களைவிடத் தேறியிருப்பதை டாசிக் கவனித்தார். அப்படியானால் அப்படியொரு குழாயை நாமே ஏன் உண்டாக்கக் கூடாது என்பதுதான் அவர் கேள்வி.

பதில் ஏற்கெனவே தாமஸின் கையில் இருந்தது. வாண்டர்பில்டில் 1938 வாக்கில் வேறொரு ஆய்வுக்காக, கைக்குச் செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு நாய்களிடம் இணைத்துப் பார்த்திருந்தார்கள். நுரையீரலில் ரத்த அழுத்தத்தைக் கூட்டுவது அன்றைய நோக்கம். அது பலிக்கவில்லை. ஆனால், இணைப்பு நின்றது.

இருநூறு நாய்கள்

இணைப்பு நிற்பது மட்டும் போதாது. அது நீலம் பாரித்த உடலைத் தேற்றுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில், நல்ல நாயிடம் அந்த நோயை உண்டாக்க வேண்டும். பிறவிக் குறைகளை அப்படியே உண்டாக்க முடியாது. தாமஸ் நுரையீரலின் சில மடல்களை நீக்கி, ரத்தக் குழாய்களை இணைத்து, பிராணவாயு ஏறாத ரத்தம் உடலில் கலக்கும்படி செய்தார். நாயின் நாக்கு நீலமானது. பிறகு மாற்று வழி இணைப்பைச் செய்தார். நீலம் குறைந்தது.

சொல்லும்போது நான்கு வரி. செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளும் சுமார் 200 நாய்களும் ஆயின. பெரும்பாலான அறுவைகளைத் தனியாகச் செய்தவர் தாமஸ். அந்த அளவு மெல்லிய குழாய்களைத் தைக்க ஏற்ற ஊசிகள் கிடைக்காதபோது, இருந்த ஊசிகளை நறுக்கித் தீட்டிக்கொண்டார். ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் இடுக்கியை வடிவமைத்ததில் அவர் பங்கு உண்டு. பின்னாளில் அந்த இடுக்கிக்கும் பிளேலாக்கின் பெயரே வந்தது.

இந்த அறுவைக்குப் பிறகு நெடுநாள் உயிரோடு இருந்த முதல் நாயின் பெயர் அன்னா. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சுவரில் அன்னாவின் ஓவியம் மாட்டப்பட்டது. அந்தச் சிறப்பு வேறு எந்த விலங்குக்கும் கிடைத்ததில்லை.

அந்த நாய்களுக்கு இந்த ஆய்வில் பேச்சு இல்லை. பேசாத உயிர்களைக் கொன்று கற்றது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் இருக்கிறது. தாமஸின் ஆய்வுக்கூடத்தில் நாய் என்பது மேசை மேல் கிடத்திய பொருள் அல்ல, நோயாளி. மயக்க மருந்தும் பின்கவனிப்பும் மனிதருக்குப் போலவே பார்க்கப்பட்டன. பிற்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நகரத்து மக்கள் தங்கள் வளர்ப்பு விலங்குகளுக்குச் சிகிச்சை கேட்டு அவரிடம் வரும் அளவுக்கு அவர் கைராசி பெயர் பெற்றது. இறந்த நாய்களின் கணக்கை மறைத்துவிட்டு இந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது. அவை இல்லாமல் அடுத்து வந்த குழந்தைகளும் இல்லை.

தோளுக்குப் பின்னால் நின்றவர்

1944 நவம்பர் 29. ஐலீன் சாக்சன் என்ற 15 மாதப் பெண் குழந்தை அறுவை மேசைக்கு வந்தாள். எடை நாலு கிலோ சொச்சம். இந்த அறுவையை நாய்களிடம் பல முறை செய்தவர் தாமஸ். பிளேலாக்கோ தாமஸுக்கு உதவியாக நின்று ஒரே ஒரு முறைதான் செய்திருந்தார். கருவிகளும் விலங்கு ஆய்வுக்கூடத்திலிருந்தே போயின.

அன்று தாமஸ் அறுவை அரங்குக்குப் போவதாக இல்லை. பிளேலாக் ஆள் அனுப்பி அழைத்தார். தம் வலது தோளுக்குப் பின்னால் ஒரு படிப்பலகை போட்டு நிற்கச் சொன்னார். குழாயை எவ்வளவு நீளத்துக்கு விடுவிப்பது, தையல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிளேலாக் கேட்டுக்கொண்டே இருந்தார். தையல் திசை மாறியபோது தாமஸ் சொல்லித் திருத்தினார். குழந்தையை அவர் தொடவில்லை. தொட அவருக்கு உரிமை இல்லை.

குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போனாள். ஆனால், சில மாதங்களில் மீண்டும் நீலம் பாரித்தது. இரண்டாவது அறுவைக்குப் பிறகு இறந்துபோனாள். அதற்குள் அடுத்தடுத்த குழந்தைகள் தேறினார்கள். மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் உதடு மேசையிலேயே சிவந்தது. உலகின் பல நாடுகளிலிருந்து நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் பால்டிமோருக்கு வந்தார்கள். ஓராண்டுக்குள் 200க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் தாமஸ் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று பிளேலாக் எதிர்பார்த்தார்.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் பிளேலாக், டாசிக். சிகிச்சைக்கும் அந்த இரண்டு பெயர்களே நிலைத்தன. கட்டுரையில் எங்கும் விவியன் தாமஸின் பெயர் இல்லை.

காலையில் ஆசான், மாலையில் பரிமாறுபவர்

சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. காலையில் தாமஸிடம் தையல் கற்ற இளம் மருத்துவர்கள், மாலையில் பிளேலாக் வீட்டு விருந்துக்கு வருவார்கள். அங்கே கூடுதல் வருமானத்துக்காக மது பரிமாறிக்கொண்டிருந்தவரும் தாமஸ்தான். நாஷ்வில் திரும்பித் தச்சு வேலை செய்தால் இதைவிட அதிகம் கிடைக்கும் என்று அவர் பிளேலாக்கிடம் சொல்ல வேண்டி வந்தது. அதன் பிறகு 1946இல் சம்பளம் கணிசமாகக் கூடியது.

பட்டம் பெறும் ஆசை அவரை விடவில்லை. 1947இல் கறுப்பினத்தவருக்கான மார்கன் கல்லூரியை அணுகினார். ஆய்வுக்கூடத்தில் பெற்ற அறிவையெல்லாம் கணக்கில் எடுக்க வழியில்லை, முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தது. மருத்துவராகி வெளியே வரும்போது வயது ஐம்பது ஆகியிருக்கும். அந்த ஆசையை அதோடு மடித்து வைத்தார்.

ஆனால், கைத்தொழிலைத் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் அறுவை ஆய்வுக்கூடங்களை 35 ஆண்டுகள் மேற்பார்த்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டென்டன் கூலி போன்ற அறுவை மருத்துவர்கள் அங்கே அவரிடம் கற்றவர்கள். பள்ளிப் படிப்போடு நின்ற கறுப்பின இளைஞர்களைத் தேடி எடுத்து ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்களாக ஆக்கினார். மின்தூக்கி இயக்கிக்கொண்டிருந்த ஒருவர், இதய அறுவைப் பிரிவில் மருத்துவ உதவியாளராகும் அளவுக்கு உயர்ந்தார். தமக்குத் திறக்காத கதவைப் பின்னால் வருபவர்களுக்குத் திறந்துவிட்டதே தாமஸ் செய்த பெரிய வேலை என்று நமக்குத் தோன்றுகிறது.

1970களின் தொடக்கத்தில் லெவி வாட்கின்ஸ் என்ற கறுப்பின மருத்துவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதய அறுவைப் பயிற்சிக்கு வந்தார். தாமஸைத் துப்புரவாளராகப் பதிவு செய்திருந்த அதே வாண்டர்பில்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1980இல், இதயத் துடிப்பு தாறுமாறானால் தானாகவே சீர்செய்யும் கருவியை மனித உடலில் முதன்முதலில் பொருத்தியவரும் அவர்தான். அந்தக் கருவியும் முதலில் நாய்களிடம் சோதிக்கப்பட்டதே. தாமஸும் வாட்கின்ஸும் கடைசிவரை நண்பர்கள்.

தாமதமாக வந்த பெயர்

பிளேலாக் 1964இல் மறைந்தார். தாமஸிடம் கற்ற மருத்துவர்கள் ஒன்றுகூடி அவரை ஓவியமாக வரையச் செய்து, 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வழங்கினார்கள். முதல் குழந்தை அறுவை மேசைக்கு வந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்னா இடம்பெற்ற நிறுவனத்தின் சுவரில் அன்னாவைப் பிழைக்க வைத்தவருக்கும் ஒருவழியாக இடம் கிடைத்தது. 1976இல் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. அதுவும் மருத்துவப் பட்டமல்ல, சட்டத்தில். மருத்துவப் பள்ளியின் ஆசிரியர் குழுவிலும் சேர்த்துக்கொண்டது. 1979இல் ஓய்வு பெற்றுத் தம் வாழ்க்கையை எழுதினார். 1985 நவம்பர் 26 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார். நூல் அச்சாகி வந்தது அதற்குச் சில நாட்கள் கழித்து.

2004இல் அவர் வாழ்க்கை தொலைக்காட்சித் திரைப்படமாக வந்தது. அந்த இணைப்பைத் தாமஸின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இப்போது மருத்துவர்களிடம் பரவி வருகிறது. மூல முறையில் மாற்றம் செய்து, செயற்கைக் குழாய் வைத்து இணைக்கும் முறை நம் நாட்டு மருத்துவமனைகளிலும் வழக்கத்தில் இருக்கிறது.

பிளேலாக்கைக் கொடியவர் என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிட முடியாது. தாமஸ் வேண்டும் என்பதற்காகப் பதவியை விட்டவர் அவர். அறுவை அரங்கில் எல்லார் முன்னிலையிலும் அவரிடம் கேட்டுக் கேட்டுத் தைத்தவர். ஆனால், பெயர் எழுதும் இடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. நல்ல மனிதர்களின் கையையும் தடுத்து நிறுத்துவதுதான் நிறவெறி. சாதிக்கும் அதே வலிமை உண்டு.

பிணவறையில் உடலைத் திறப்பதையும் தைப்பதையும் துப்புரவுப் பணியாளர்களே செய்கிறார்கள் என்ற செய்தி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கையெழுத்து ஒருவருடையது, கை இன்னொருவருடையது. அந்தக் கை பெரும்பாலும் யாருடையது என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது இரக்கமல்ல. செய்யும் வேலைக்கு முறையான பயிற்சி, அந்த வேலைக்குரிய பதவிப் பெயர், அதற்கேற்ற சம்பளம். விவியன் தாமஸ் தமது இருபதுகளில் வாண்டர்பில்டில் கேட்டதும் இதைத்தான்.

நம் பிள்ளைகள் ஆய்வுக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். முதல் மாதச் சம்பளம் வாங்கும்போது தொகையை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டாம். பதிவேட்டில் தங்கள் பதவி என்னவென்று எழுதியிருக்கிறது என்பதையும் கேட்டுப் பார்க்கட்டும்.